மாலைக்கண்ணுக்கு எந்த வழி? அக்கா மகனுக்காக நான் போட்ட கணக்கு

குடியாத்தத்தில் மருந்துக்கடை வைத்து 22 வருடம் ஆகிறது. பொழுது சாய்ந்தால் கண் தெரியவில்லை என்று வந்து நின்றவர்களுக்கு, சீட்டுகூடக் கேட்காமல் வைட்டமின் ஏ கேப்சூலை எடுத்துக் கொடுத்த நாட்கள் உண்டு. முருங்கைக்கீரை, பப்பாளி, ஆட்டு ஈரல் என்று ஒரு பட்டியலையும் இலவசமாகச் சொல்லி அனுப்புவேன். அது எவ்வளவு அரைகுறை வைத்தியம் என்பது, சொந்த வீட்டுக்குள் அந்தப் பிரச்சினை நுழைந்தபோதுதான் உறைத்தது.

அக்கா மகனுக்கு 31 வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். இரவு ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வந்தவன், ரோட்டோரம் நின்றிருந்த டிராக்டர் டிரெய்லரில் மோதிவிட்டான். கை எலும்பு முறிந்ததோடு தப்பித்தான். “எதிர வந்த லாரி லைட் தெரிஞ்சுது மாமா, ஓரத்துல இருந்தது தெரியல” என்றான். அவன் அப்பாவுக்கும் இதே கதைதான். அப்பாவைப் பெற்ற பாட்டி, விளக்கு வைத்த பிறகு கொல்லைப்பக்கம் போகவே மாட்டார். “அந்தக் குடும்பத்துக் கண்ணே அப்படி” என்று ஊரில் சொல்லி விட்டுவிட்டார்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பாப்பாவை விரித்துப் பார்த்த கண் டாக்டர், விழித்திரையின் ஓரங்களில் கறுப்புக் கறுப்பாகத் திட்டுகள் படிந்திருப்பதைக் காட்டினார். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. டாக்டர்கள் சுருக்கமாக ஆர்.பி. என்பார்கள். உலக அளவில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது.

அன்றிரவே குடும்ப வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் தம்பி மகன், ‘டுட்கா’ என்றொரு சப்ளிமென்ட் பாட்டிலின் படத்தைப் போட்டான். அக்கா வீட்டுக்காரருக்கு வைட்டமின் ஏ மேல்தான் நம்பிக்கை. சித்தப்பா ஒருவர் ஸ்டெம் செல் ஊசி போடும் இடத்தின் நம்பரை அனுப்பினார். நோயாளியோ, “வேலூர்லயே ஜீன் தெரபி பண்றாங்களாமே மாமா?” என்று கேட்டான். நான் டாக்டர் இல்லை. டி.பார்ம் படித்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன். ஆனால் இவர்கள் சொன்ன எல்லாமே கடைசியில் என் கடைக்கோ என் பாக்கெட்டுக்கோ வந்து நிற்கும் என்பதால், ஒரு நோட்டு போட்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். டாக்டர்களிடமும் வெட்கப்படாமல் கேட்டேன். அந்த நோட்டில் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மாலைக்கண் என்று நாம் சொல்வது இரண்டு வெவ்வேறு சங்கதி. ஒன்று வைட்டமின் ஏ பற்றாக்குறையால் வருவது. அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ சொட்டு கொடுப்பது இதற்காகத்தான். சத்து உள்ளே போனால் சில நாட்களிலேயே பார்வை திரும்பிவிடும். மற்றது, விழித்திரையில் உள்ள செல்களே ஒவ்வொன்றாகச் சாவதால் வருவது. ஆர்.பி. இரண்டாவது ரகம். ஈரல் தின்றால் போய்விடும் என்று நான் சொல்லி அனுப்பியவர்களில் எத்தனை பேருக்கு இந்த இரண்டாவது ரகமோ!

ஆர்.பி.யும் ஒரே நோய் இல்லை. 80க்கும் மேற்பட்ட ஜீன்களில் எது கெட்டாலும் கடைசியில் இதே கறுப்புத் திட்டுதான் தெரியும். நம் பக்கத்தில் மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டும் வழக்கம் இருப்பதால், அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் கெட்ட நகல் வந்தால் மட்டுமே தலைகாட்டும் ரகத்தை நிறையப் பார்க்கலாம். அப்படிப்பட்ட வீட்டில் பெற்றவர்களுக்குக் கண் நன்றாகவே இருக்கும். அக்கா மகன் வீட்டில் பாட்டி, அப்பா, மகன் என்று தலைமுறை விடாமல் இறங்கியிருக்கிறது. ஒரே ஒரு கெட்ட நகல் போதும் என்ற ரகம் இது. பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இந்த ரகத்தில் அதிகம் சந்தேகிக்கப்படும் ஜீன், ரோடாப்சின் என்ற, ஒளியைப் பிடிக்கும் புரதத்தைச் செய்வது. 1990இல் ஆர்.பி.க்குக் காரணமாக முதன்முதலில் பிடிபட்ட ஜீனும் அதுதான்.

எனவே என் நோட்டில் முதல் செலவாக நான் எழுதியது மாத்திரை இல்லை, ஜீன் பரிசோதனை. பல ஆயிரம் ரூபாய் ஆகிறது, ரிசல்ட் வர வாரக்கணக்கில் ஆகிறது. “ரத்தம் எடுத்து என்ன தெரியப்போவுது, மருந்து வாங்குனாலும் புண்ணியம்” என்று அக்கா வீட்டுக்காரர் முறைத்துக்கொண்டார். எந்த ஜீன் என்று தெரியாமல் வாங்கும் மருந்து, நம்பர் தெரியாமல் போடும் போன் மாதிரி. யார் எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. சில ஜீன்களில் வைட்டமின் ஏ கெடுதலே செய்யும். ஏபிசிஏ4 என்ற ஜீன் கெட்டவர்களுக்குக் கூடுதல் வைட்டமின் ஏ விழித்திரையில் நச்சுக் கழிவைக் கூட்டும் என்பதால், டாக்டர்கள் வேண்டாம் என்றே சொல்வார்கள்.

ரிப்போர்ட் வந்தது. ரோடாப்சின்தான். 348 அமினோ அமிலங்கள் கோத்த மாலையில் 17ஆம் மணி மட்டும் மாறியிருக்கிறது. த்ரியோனின் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தியோனின். டி17எம் என்று குறிக்கிறார்கள். புரதம் சரியாக மடியாமல் போகும் வகை.

இதை அவனுக்கு எப்படிப் புரியவைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, கேட்டு முடித்ததும் அவனே சொன்னான்: “இது எங்க செக்கிங் டேபிள் கதைதான் மாமா.” அவன் சொன்னது எனக்கு எந்தப் புத்தகத்தையும் விடத் தெளிவாக இருந்தது. விழித்திரையில் இருட்டுப் பார்வைக்கான கோல் செல்கள் சுமார் 12 கோடி. ஒவ்வொன்றிலும் சுமார் 10 கோடி ரோடாப்சின். தினமும் அதில் பத்தில் ஒரு பங்கு பழசாகிக் கழிந்து, புதிதாகச் செய்தாக வேண்டும். ராப்பகலாக ஓடும் கம்பெனி. செய்த புரதம் எண்டோபிளாச வலை என்ற இடத்தில் மடித்து, பார்த்து, பாஸ் ஆன பிறகுதான் வெளியே போகும். அது செக்கிங் டேபிள். பேட்டர்ன் தப்பான ஒரு கட்டிங் அச்சு லைனில் இருந்தால், பாதி ஜோடி தப்பாகவே வரும். டேபிளில் ரிஜெக்ட் குவியும். முதலில் சூப்பர்வைசர் உற்பத்தியைக் குறைக்கச் சொல்வான், கூடுதல் ஆள் போடுவான், ரிஜெக்டை அள்ளிக் குப்பைக்கு அனுப்புவான். செல்லும் இதையேதான் செய்கிறது. அந்த எச்சரிக்கை ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததற்காக பீட்டர் வால்டருக்கும் கசுடோஷி மோரிக்கும் 2014இல் லாஸ்கர் விருது கிடைத்தது. குவியல் தீரவே இல்லை என்றால்? கம்பெனியை இழுத்து மூடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வரும். செல் தன்னைத்தானே கொன்றுகொள்ளும். கோல் செல்கள் போன பிறகு, பகல் பார்வைக்கும் நிறத்துக்குமான கூம்புச் செல்களும் துணையில்லாமல் பின்னாலேயே போகும். மனிதரை முடக்குவது அந்த இரண்டாவது சாவுதான்.

அவன் சொன்ன இந்தக் கதையை வைத்துப் பார்த்தால், வாட்ஸ்அப்பில் வந்த வழிகள் எல்லாம் கம்பெனியின் வெவ்வேறு இடத்தில் கை வைக்கின்றன.

வைட்டமின் ஏ: அக்கா வீட்டுக்காரரின் கட்சி

இதை நான் எடுத்த எடுப்பில் தள்ளவில்லை. ரோடாப்சினின் நடுவே ஆணி அடித்தது மாதிரி உட்கார்ந்திருப்பது வைட்டமின் ஏயிலிருந்து வரும் ஒரு துணுக்குதான். அது உள்ளே பொருந்திக்கொண்டால் தள்ளாடும் புரதமும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். 1998இல் எலிகளில் செய்த ஆய்வில், கூடுதல் வைட்டமின் ஏ கொடுத்தபோது இதே டி17எம் எலிகளுக்குக் கண் கெடுவது மெதுவானது. 347ஆம் இடத்தில் தவறு உள்ள எலிகளுக்குப் பலன் இல்லை. காரணமும் பொருத்தமாக இருக்கிறது. இரண்டாவது வகையில் மடிப்பு சரி, அனுப்பும் முகவரிதான் தப்பு. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படித்த அன்று எனக்கே ஆசை வந்துவிட்டது.

மனிதர்களில் கதை வேறு. 1993இல் அமெரிக்காவில் எலியட் பெர்சன் குழு 601 பேரிடம் செய்த சோதனையில், தினம் 15,000 யூனிட் வைட்டமின் ஏ சாப்பிட்டவர்களுக்கு விழித்திரையின் மின் அளவு சற்று மெதுவாகக் குறைந்தது என்றார்கள். அதே சோதனையில் 400 யூனிட் வைட்டமின் இ சாப்பிட்டவர்களுக்கு வேகமாகக் குறைந்தது. இதைத் தடித்த எழுத்தில் எழுத வேண்டும். கண்ணுக்கு நல்லது என்று ஏயும் இயும் சேர்த்து விற்கும் மல்டிவைட்டமின் எத்தனை! முப்பது வருடம் அந்தச் சோதனையை வைத்தே உலகமெங்கும் வைட்டமின் ஏ எழுதினார்கள். 2023இல் பெர்சன் இருந்த மருத்துவமனை வட்டாரத்து ஆய்வாளர்கள், நோயாளிகளின் ஜீன் விவரத்தையும் சேர்த்துப் பழைய கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து, வைட்டமின் ஏயால் பலன் தெரியவில்லை என்று எழுதிவிட்டார்கள்.

வருடக்கணக்கில் அதிக வைட்டமின் ஏ ஈரலையும் எலும்பையும் பார்க்கும். கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது, குழந்தைக்குப் பிறவிக் குறை வரும். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் கேப்சூல்களின் அளவும் அந்தச் சோதனை அளவைவிடப் பெரியது. எலிக்கு உதவியது, மனிதரில் உறுதியாகவில்லை, ஈரல் சோதனையோடு வாழ வேண்டும். என் நோட்டில் இதற்கு நேரே ‘கீரை போதும்’ என்று எழுதினேன். கீரையும் பாலும் முட்டையும் சாப்பிடுவதில் எந்தத் தகராறும் இல்லை.

கரடிப் பித்தமும் இருமல் மாத்திரையும்

தம்பி மகன் சொன்ன டுட்காவின் பூர்வீகம் கரடிப் பித்தம். கரடி விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சீன வைத்தியத்தில் நூற்றாண்டுகளாக இருக்கிறது. இப்போது கரடி தேவையில்லை, ஆலையில் செய்கிறார்கள். இதன் நெருங்கிய உறவான அர்சோடியாக்சிகோலிக் அமிலம் நம் கடைகளில் ஈரலுக்கும் பித்தக்கல்லுக்கும் தினம் விற்பதுதான். டுட்கா, மடிப்புத் தவறிய புரதக் குவியலால் செல்லுக்கு ஏற்படும் பதற்றத்தைத் தணிக்கிறது. செக்கிங் டேபிளில் ரிஜெக்டைக் குறைப்பதைவிட, கம்பெனியை மூடு என்ற உத்தரவைத் தள்ளிப்போடுவது மாதிரி. ரோடாப்சினில் 23ஆம் இடத்துத் தவறு உள்ள எலிகளில் 2011இல் செய்த ஆய்வில் செல்கள் கூடுதலாகத் தப்பின. படங்களைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும்.

எனக்கு நம்பிக்கை குறைந்த இடம் வேறு. இதே டுட்காவையும் ஃபினைல்பியூட்டிரேட் என்ற, மடிப்புக்குத் துணை நிற்கும் மருந்தையும் சேர்த்து, நரம்பு செத்து உடல் முடங்கும் ஏ.எல்.எஸ். நோய்க்கு ஒரு மருந்து செய்தார்கள். சிறிய சோதனையில் பலன் தெரிந்தது. 2022இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. பெரிய சோதனை 2024இல் தோற்றது. கம்பெனியே மருந்தைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அது கண் இல்லை, வேறு நோய், சரிதான். ஆனால் ‘எலியில் பிரமாதம்’ என்ற வார்த்தைக்கு நான் இப்போது கொடுக்கும் மதிப்பு அதனால் பாதியாகிவிட்டது. ஆர்.பி.க்கு மனிதரில் டுட்கா வேலை செய்கிறது என்று காட்டும் சோதனை எதுவும் அந்த பாட்டில் விளம்பரத்தில் இல்லை. அது சப்ளிமென்டாக விற்கப்படுவதால், உள்ளே எழுதியிருக்கும் அளவு உள்ளே இருக்கிறதா என்ற மருந்துக்கடைக்காரனின் பழைய சந்தேகமும் சேர்ந்துகொண்டது.

இருமலுக்குச் சளி கரைய எழுதும் அசிட்டைல்சிஸ்டைன், அதாவது என்.ஏ.சி., தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் 600 மில்லிகிராம் மாத்திரை. இதைப் பற்றி யாருமே வாட்ஸ்அப்பில் சொல்லவில்லை. ஆனால் மாத்திரைகளிலேயே என்னை நிறுத்திப் படிக்கவைத்தது இதுதான். மடிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. கோல் செல்கள் செத்த பிறகு விழித்திரையில் ஆக்சிஜன் மிஞ்சிப்போய்க் கூம்புச் செல்களை அரிக்கிறது, அந்த அரிப்பைத் தடுப்பதுதான் நோக்கம். எந்த ஜீன் என்றாலும் பொருந்தக்கூடிய வாதம் இது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பீட்டர் கம்போச்சியாரோ குழு 30 பேருக்கு 24 வாரம் கொடுத்துப் பார்த்து 2020இல் எழுதினார்கள்: பெரிய தொந்தரவு இல்லை, பார்வை அளவில் சிறு முன்னேற்றம். போலி மாத்திரையோடு ஒப்பிடும் பெரிய சோதனை 2023இல் தொடங்கியது. 1,800 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, நாலு வருடத்துக்கு மூன்று மாதம் குறைவு. அப்படியென்றால் நம் 600 மாத்திரை தினம் ஆறு. விலை, வயிறு, வருடக்கணக்கு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ‘இருமல் மாத்திரைதானே’ என்று வாயில் போட்டுக்கொள்ளும் விஷயம் இல்லை. டாக்டரும் அதைத்தான் சொன்னார். காத்திருப்போம் பட்டியலில் முதல் இடம் இதற்கு.

சுகர் மாத்திரை சொன்ன பாடம்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றே ஆக வேண்டும். குவிந்த புரதத்தை நிமிர்த்தி, செக்கிங் டேபிளைத் தாண்டி அனுப்பிவிட்டால் பிரச்சினை தீருமே என்று எவருக்கும் தோன்றும். நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் அதைச் செய்கிறது. 23ஆம் இடத்துத் தவறு உள்ள ரோடாப்சின், தட்டில் வளர்த்த செல்களில் மெட்ஃபார்மின் கொடுத்ததும் நகர்ந்து தன் இடத்துக்குப் போனது. அப்புறம் எலிகளுக்குக் கொடுத்தார்கள். அங்கும் புரதம் நகர்ந்தது. ஆனால் செல்கள் முன்னைவிட வேகமாகச் செத்தன. 2017இல் வந்த ஆய்வு. கோணல் ஷூவை ரிஜெக்டில் போடாமல் பாஸ் பண்ணி அனுப்பினால், கடைக்குப் போய்த் திரும்பி வருமே, அது மாதிரி. உள்ளே தேங்கினால் ஒரு கெடுதல், வெளியே போய் நின்றால் வேறு கெடுதல்.

குப்பை அள்ளும் வழியிலும் இதே சிக்கல். மடிப்புத் தவறிய புரதத்தைச் செல் இரண்டு வழியில் கழிக்கிறது. ஒன்று தனித்தனியாக நறுக்கித் தள்ளும் புரோட்டியாசோம், மற்றது மூட்டையாகக் கட்டி விழுங்கும் ஆட்டோஃபேஜி. இரண்டாவதைத் தூண்டினால் நல்லதுதானே? எலிகளில் அதைக் குறைத்தபோதுதான் செல்கள் பிழைத்தன என்று 2018இல் ஓர் ஆய்வு வந்தது. மூட்டை கட்டும் வேலை அதிகமானால் நறுக்கும் வேலை நின்றுபோகிறதாம். விரதம் இருந்தால் ஆட்டோஃபேஜி கூடும், கண் சரியாகும் என்று யூடியூபில் பேசுகிறவர்கள் இதைப் படித்திருக்க மாட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு யாராவது மெட்ஃபார்மினை நிறுத்திவிடப் போகிறீர்கள். வேண்டாம். சுகர் ஏறினால் அது தனியாக விழித்திரையைக் கெடுக்கும். எலிக் கதையை வைத்து ஓடுகிற மருந்தை நிறுத்துவதும், எலிக் கதையை வைத்து இல்லாத மருந்தைத் தொடங்குவதும் ஒரே தப்பு. ஆர்.பி. உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடக்கூடாத மாத்திரை ஒன்று நிஜமாகவே உண்டு. கடையில் கூட்டம் குறையும் வரை காத்திருந்து, கூச்சத்தோடு கேட்பார்களே, அந்த சில்டெனாஃபில் (வயாக்ரா). கோல் செல்லுக்குள் ஒளியை மின்குறிப்பாக மாற்றும் நொதி ஒன்றையும் அது தொடுகிறது.

ஊசி போடுகிறவர்கள்

சித்தப்பா கொடுத்த நம்பருக்கு நானே போன் செய்தேன். இரண்டு கண்ணுக்கும் லட்சக்கணக்கில் ஒரு தொகை சொன்னார்கள். எந்த ஜீன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரிப்போர்ட் அனுப்பட்டுமா என்றால், “அதெல்லாம் வேணாம் சார், அட்வான்ஸ் போடுங்க” என்றார்கள். அமெரிக்காவில் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் ஊசியாகப் போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வை இழந்ததை 2017இல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அவர்களுக்கு இருந்தது வேறு விழித்திரை நோய்தான், ஆனால் ஊசி இதே ரகம். நம் நாட்டிலும் மருத்துவ ஆராய்ச்சிக்கான மத்திய அரசு அமைப்பான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களில் ஒப்புக்கொள்ளப்பட்ட எலும்பு மஜ்ஜை சிகிச்சை போன்றவை தவிர, ஸ்டெம் செல்லைக் காசு வாங்கிக்கொண்டு சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. முறையான சோதனை என்றால் நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

ஜீன் தெரபி அப்படியில்லை. அச்சையே மாற்றும் வழி என்பதால், கதைப்படி பார்த்தால் இதுதான் சரியான வழி. வேலூர் சி.எம்.சி.யில் நடந்ததாக அவன் கேள்விப்பட்டது உண்மையும்கூட. ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா ஏ நோய்க்கு 5 பேருக்குச் செய்து, 2024 டிசம்பரில் உலகத்தரமான இதழில் வந்தது. வட ஆற்காட்டுக்காரனாக எனக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் அது ரத்தத்தின் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, நல்ல ஜீனை வைத்துத் திருப்பி ஏற்றும் முறை. விழித்திரைக்கு அப்படி எடுத்து வைக்க முடியாது. கண்ணுக்கென்று 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லக்ஸ்டர்னா இருக்கிறது. இரண்டு கண்ணுக்கும் 8,50,000 டாலர். ஆர்.பி.இ.65 என்ற ஒரே ஜீனுக்கு மட்டும். அவனுக்குப் பத்து பைசாவுக்குக் கிடைத்தாலும் பயனில்லை.

இன்னொரு முடிச்சும் உண்டு. லக்ஸ்டர்னா வகையில் இல்லாத ஜீனைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். இவனுக்கு நல்ல நகல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, கெட்ட அச்சுதான் லைனைக் கெடுக்கிறது. அதை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் நல்லதையும் சேர்த்து நிறுத்திவிடாமல் இருக்க வேண்டும். 2018இல் நாய்களில் இரண்டையும் ஒரே ஊசியில் செய்து காட்டினார்கள். பழைய ரோடாப்சின் இரண்டையும் வாயடைத்து, வாயடைக்க முடியாத மாதிரி மாற்றி எழுதிய நல்ல ஜீனைக் கூடவே வைத்தார்கள். நாய்களின் செல்கள் தப்பித்தன. எந்த இடத்தில் தவறு இருந்தாலும் பொருந்தும் என்பதால் இவனுக்கும் ஒருநாள் உதவலாம். 23ஆம் இடத்துத் தவறுக்கு மட்டும் குறிவைத்த ஒரு மருந்தை 2019இல் மனிதரில் தொடங்கினார்கள். 2022இல் அந்தக் கம்பெனி கண் மருந்துகளையே விட்டு வேறு பக்கம் போய்விட்டது. மருந்து வேலை செய்யுமா என்பது ஒரு பக்கம், கம்பெனி நிலைக்குமா என்பது மறுபக்கம். செல் உயிரோடு இருந்தால்தான் இந்த ஊசி எதற்கும் வேலை. வரும்வரை செல்களைக் காப்பாற்றி வைக்கிற சல்லிசான வழி எது என்பதில் வந்து முட்டினேன்.

கண்ணாடியும் சொட்டு மருந்தும்

அந்த நாய்களைப் பற்றிப் படிக்கும்போதுதான் பளிச்சென்று பட்டது. அதே ரோடாப்சின் தவறு உள்ள நாய்களுக்குச் சாதாரணக் கண் பரிசோதனை அளவு பளீர் வெளிச்சம் காட்டினாலே, அந்த இடத்துச் செல்கள் வேகமாகச் சாவதை 2005இலேயே பார்த்திருக்கிறார்கள். டி17எம் எலிகளிலும் கொஞ்ச நேரப் பளீர் வெளிச்சம் விழித்திரையைக் கெடுத்ததை 2007இல் எழுதியிருக்கிறார்கள். மனிதரிலும் இந்த வகைத் தவறு உள்ள சிலருக்கு, மேலிருந்து வரும் வெயில் விழுகிற கீழ்ப்பாதி விழித்திரை முதலில் போகிறது. மனிதர்களை இரண்டாகப் பிரித்துக் கண்ணாடி போட்டும் போடாமலும் வைத்துச் சோதித்ததில்லைதான். ஆனால் நம் ஊரை வெயிலூர் என்றே சொல்கிறோம். கத்திரி வெயிலில் பைக்கில் போகிறவனுக்கு பழுப்பு நிறக் கண்ணாடியும், விளிம்பு வைத்த தொப்பியும் எத்தனை ரூபாய்? ஈரலையும் எலும்பையும் தொடாது. ஒரே எச்சரிக்கை, பொழுது சாய்ந்ததும் கழற்றிவிட வேண்டும். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது தின்றுவிடும்.

அவன் விழித்திரையை, அடுக்கடுக்காகக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்தபோது இன்னொன்று தெரிந்தது. நடுப்பார்வைக்கான இடத்தில் நீர் கோத்திருந்தது. ஆர்.பி.யில் இது நிறையப் பேருக்கு வருகிறது. ‘நோய் முற்றிவிட்டது’ என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். குளோக்கோமாவுக்குப் போடும் டார்சோலமைட் சொட்டு, சிலருக்கு அசிட்டசோலமைட் மாத்திரை, இவற்றிலேயே நீர் வடிவதுண்டு. எல்லாம் நம் அலமாரியில் இருக்கிற மருந்து. நாலு மாதம் சொட்டு விட்ட பிறகு எழுத்துப் பலகையில் இரண்டு வரி கூடுதலாகப் படித்தான். மடிப்புத் தவறிய புரதத்தை இது தொடவே இல்லை. ஆனால் இத்தனை வழிகளில் பார்வையைத் திருப்பிக் கொடுத்தது இது ஒன்றுதான். அவன் அப்பாவுக்கும் அதே கையோடு பார்த்ததில், கண் லென்ஸின் பின்பக்கம் கண்புரை இருந்தது. ஆர்.பி. உள்ளவர்களுக்குச் சின்ன வயதிலேயே வரும் ரகம். “எனக்கு இனிமே எதுக்குடா ஆபரேஷன்” என்று பத்து வருடமாகத் தள்ளிப்போட்டவர், இப்போது செய்துகொண்டார். பேப்பரில் தலைப்பை மட்டுமாவது படிக்கிறார்.

இதற்கெல்லாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1902இல் 40 படுக்கையோடு திறந்த மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி, இன்று கண் ஆஸ்பத்திரியாக வேலூர் ஆரணி ரோட்டில் இருக்கிறது. ஜீன் ரிப்போர்ட்டைப் பற்றி இன்னொருவர் கருத்து வேண்டுமென்றால் காட்பாடியில் ரயில் ஏறி இரண்டு மணி நேரத்தில் சென்னை.

பேப்பர் வேலை ஒன்றும் பாக்கி இருந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், எழுத்துப் பலகையைப் படிக்க முடிந்தாலும், பார்வையின் அகலம் 40 டிகிரிக்குக் குறைந்தால் குறைபார்வை, 10 டிகிரிக்குக் குறைந்தால் பார்வையின்மை. ‘படிக்கிறானே, இவனுக்கு என்ன’ என்பவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும். அவன் வேலை ஆம்பூரில், 2019க்குப் பிறகு அது திருப்பத்தூர் மாவட்டம். ஆதார் முகவரி குடியாத்தம், வேலூர் மாவட்டம். பழைய வட ஆற்காடாகவே இருந்திருந்தால் ஒரே ஆபீஸ். கடைசியில் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸுக்கு மூன்று நடை நடந்து அடையாள அட்டைக்குப் போட்டோம்.

இப்போதைய நிலவரம் இது: கம்பெனியில் பேசிப் பகல் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டான். பைக்கை விற்றுவிட்டு பஸ்ஸில் போகிறான். அந்தப் பணம்தான் ஜீன் டெஸ்டுக்கு ஆனது. காலை, மத்தியானம், இரவு சொட்டு. வெளியே போனால் கண்ணாடி, தொப்பி. ஆறு வயது மகளை இப்போதே சோதிப்பதா என்று கேட்டான். மருந்து இல்லாத நோய்க்குக் குழந்தையின் ரத்தத்தை எடுக்க ஜெனெடிக்ஸ் டாக்டர் அவசரப்படவில்லை. பெரியவளானதும் அவளே முடிவெடுக்கட்டும் என்றார். எனக்கும் அது சரியென்று பட்டது. அவளுக்கும் ஒரு தொப்பி மட்டும் வாங்கியிருக்கிறான்.

தம்பி மகன் யாரையும் கேட்காமல் ஆர்டர் போட்ட டுட்கா பாட்டில், பிரிக்காமல் என் கடை அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. அதன் எக்ஸ்பயரி தேதிக்குள் என்.ஏ.சி. சோதனையின் முடிவு வருமா என்று அக்கா வீட்டுக்காரர் கேட்டார். வராது என்றேன்.